கூட்டத் தெரியாத குமிழ்

"வீட்ல வாசிச்சா கும்முனு இருக்கு மாஸ்டர். மேடையில ஏறுனா நான் வாசிக்கிறது எனக்கே கேக்கல."

வடபழனிச் சந்து ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கிய அறை. மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் இளைஞர் தன் கருவியை மேசையில் கிடத்தியிருந்தார். ஜாஸ் பேஸ் வகை: நாலு கம்பி, கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப் இரண்டு, வால்யூம் குமிழ் இரண்டு, டோன் குமிழ் ஒன்று. பழுதுபார்ப்பவர் சால்டரிங் அயர்னைத் தொடவில்லை. "மேடையில எப்படி வெப்பியோ அப்படியே வெச்சு வாசி தம்பி" என்றார். இரண்டு வால்யூமும் முழுசு. டோன் ஏறக்குறைய மூடிய நிலை. கேட்க இதமாகத்தான் இருந்தது.

அந்த இதம்தான் சிக்கல். கழுத்துப் பக்கத்து பிக்கப்புக்கு மேலே கம்பி அகலமாக ஆடுகிறது. அதனால் பருத்த நாதம். பிரிட்ஜ் பக்கம் கம்பி அதிகம் அசையாது. அங்கே கிடைப்பது மெலிந்த, மூக்கால் பேசுகிற, ஆனால் தெளிவான ஒலி. இரண்டையும் சமமாகத் திறந்தால் நடு அலைவரிசைகள் சில ஒன்றையொன்று விழுங்கிவிடும். தனியே கேட்டால் வழவழப்பு. டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் ஆளையே காணோம்.

கழுத்துப் பக்கத்து வால்யூமைக் கொஞ்சம் இறக்கினார். தொலைந்திருந்த நடு ஒலி முண்டிக்கொண்டு வந்தது, கூடவே 'ம்ம்ம்' என்று ஹம். பிக்கப்புகளில் ஒன்று எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்தமும் மாற்றி வைக்கப்பட்டிருப்பதால், இரண்டும் சமமாக இருக்கும்வரை ஹம் அடங்கிக் கிடக்கும். நம் மின்சாரத்தின் துடிப்பு வினாடிக்கு 50. தடித்த கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் பிறக்கும் ஸ்வரத்துக்கு 49. மேடை வயரிங் மோசமென்றால் இந்த இரண்டும் மல்லுக்கட்டும். இளைஞர் முகம் சுளித்தார். "டிரம்ஸ் ஆரம்பிச்சா அது யார் காதுலயும் விழாது" என்றார் மாஸ்டர்.

அடுத்து டோன். தகட்டைக் கழற்றித் திருப்பிக் காட்டினார்: 250 கிலோ ஓம் பாட், அதன் காலில் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பேட்டரி இல்லாத இந்தச் சுற்று எதையும் கூட்டாது. கூர்மையான அதிர்வுகளை எர்த்துக்கு வடித்துவிடும், அவ்வளவுதான். விரல் உரசும் சத்தமும் கம்பி ஃப்ரெட்டில் தட்டும் ஒலியும் அசிங்கம் என்று இளைஞர் வடித்துவிட்டிருந்தார். நெரிசலில் ஒரு ஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்று காதுக்குக் காட்டிக்கொடுப்பதே அந்த அசிங்கம்தான். மாஸ்டர் டோனைத் திறந்துவைத்தார்.

இந்தக் குமிழ்களுக்கு ஒரு முன்கதை உண்டு. கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் ஒரே பிக்கப். ஜாஸ் பேஸ் வந்தது 1960இல். அதை வாசித்த ஜாகோ பாஸ்டோரியஸ் பிரிட்ஜ் பக்கத்தைத்தான் பெரிதும் நம்பினார். டெட்ராய்ட்டின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது ஒற்றை பிக்கப் பிரிசிஷனில். அவருடைய இருண்ட நாதத்தில் மாற்றாத பழைய கம்பிகளுக்கும், அவற்றை அடக்கிய நுரைப்பஞ்சுக்கும், ஆள்காட்டி விரலுக்கும் பெரிய பங்கு. குமிழ் நிலையை மட்டும் காப்பியடித்து ஜேமர்சன் ஆகிவிட நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

மூலையில் உதவியாளர் ஒருவர் பிக்கப்புக்குச் சுற்றுப் போட்டுக்கொண்டிருந்தார். முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி, ஏறக்குறைய 9,000 சுற்று. மோட்டார் சுழல, கம்பியை இரு விரலிடுக்கில் ஓடவிட்டு இழுவிசையைப் பிடிக்கிறார். கண் எண்ணிக்கை மீட்டரில். மின்விசிறி ஓடவில்லை. காற்று கம்பியை அசைத்தால் அறுந்துவிடுமாம். வியர்வை புருவம் வரை வந்தும் அவர் துடைக்கவில்லை. அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. இப்போதெல்லாம் பல குழுக்களில் பேஸைக் கீபோர்டுக்காரரே இடது கையால் வாசித்துவிடுவதால், இந்த வேலை வருவதும் குறைந்துவிட்டது.

கடைசியாக மாஸ்டர், தடித்த கம்பிக்குக் கீழே பிக்கப்பின் திருகை அரைச்சுற்று இறக்கினார். ரொம்ப ஒட்டி நின்றால் காந்தம் கம்பியை இழுத்து ஸ்ருதியையே கெடுக்கும். இளைஞர் ஸ்கெட்ச் பேனாவைக் குமிழ்களின் அருகே கொண்டுபோனார்.

"இந்த இடத்துல மார்க் பண்ணிக்கட்டா மாஸ்டர்?"

"எதுக்கு? நாளைக்கு எங்க கச்சேரி?"

"தாம்பரத்துல, கல்யாண மண்டபம்."

"சுவரெல்லாம் டைல்ஸா இருக்கும், அடி ஒலி எகிறும். கழுத்துப் பக்கத்தை இன்னும் கொறை. டோனைத் தொடாதே."