ஓசூர்: பெட்ரோல் சம்பாதிக்கிறது, மின்சாரம் செலவழிக்கிறது

பெங்களூரிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு தொடங்குகிறது. முதலில் வரும் ஊர் ஜூஜூவாடி. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் மதில்களும் அந்தப் பகுதியிலேயே ஆரம்பித்துவிடுகின்றன. ஷிப்ட் மாறும் வேளையில் கம்பெனி பேருந்துகளும் பைக்குகளும் மிதிவண்டிகளும் சாலையை நிறைத்துவிடும். வந்திறங்கும் தொழிலாளர்கள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவார்கள். இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டன. இந்தியாவின் இருசக்கர வாகனத் தொழில் பெட்ரோலிலிருந்து மின்சாரத்துக்கு எப்படி மாறுகிறது, அதற்கான பணம் யாருடையது என்று தெரிந்துகொள்ள ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. பழையதும் புதியதும் இங்கே அக்கம்பக்கத்தில் இருக்கின்றன.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். அதனால் வரும் குளிர்ச்சிக்காகவே வெள்ளைக்காரர்கள் இதைக் குட்டி இங்கிலாந்து என்று கொண்டாடினார்கள். அருகிலுள்ள மத்திகிரியில் 1824-இல் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கப் பண்ணை அமைத்தார்கள்; அது இன்று அரசின் கால்நடைப் பண்ணை. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கத்தில்தான் இருக்கிறது. மலைமேல் சந்திரசூடேஸ்வரர் கோயில், கீழே ராமநாயக்கன் ஏரி, சுற்றிலும் பசுமைக்குடில்களில் ரோஜா. பிப்ரவரி மாதக் காதலர் தினத்துக்கு வெளிநாடுகளுக்குப் பறக்கும் ரோஜாக்களில் கணிசமானவை இந்த வட்டாரத்துச் செடிகளில் பூத்தவை. இத்தனை இருந்தும், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அரசுக் கோப்புகளில் இந்தப் பகுதிக்கு இருந்த ஒரே அடையாளம், தொழிலில் பின்தங்கிய தருமபுரி மாவட்டத்தின் ஒரு மூலை என்பதுதான்.

அந்தப் பின்தங்கிய நிலையே ஊருக்கு வாய்ப்பானது. 1971-இல் தொழிற்பேட்டைகள் அமைக்க மாநில அரசின் சிப்காட் நிறுவனம் உருவானது. ஓசூரில் நிலம் எடுத்து, சாலையும் மின்சாரமும் கொடுத்தது. பின்தங்கிய மாவட்டத்தில் ஆலை போட்டால் அன்று மூலதன மானியம் கிடைத்தது. பெங்களூர் 40 கிலோமீட்டரில் இருப்பதால் பொறியாளர்களைக் குடிபெயர்த்து அழைத்துவரும் தொல்லையும் இல்லை. 1980-இல் அசோக் லேலண்ட் இங்கே ஆலை திறந்தது. அதே ஆண்டில் டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. இரண்டு பேர் உட்காரலாம், மூட்டையும் ஏற்றலாம், விலையும் கட்டுப்படியாகும். பால்காரரும் காய்கறி வியாபாரியும் அதை வாங்கினார்கள். பிஸ்டனும் கியரும் கடைகிற வேலை, அந்த ஆலைகளின் மதிலுக்கு வெளியே நூற்றுக்கணக்கான பட்டறைகளுக்குப் பரவியது.

மூன்றாவதாக வந்த டைட்டனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது நடக்கும் மாற்றத்தின் ஒத்திகையை ஓசூர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1984-இல் டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் கூட்டாகக் கைக்கடிகார நிறுவனம் தொடங்கின. அன்று நாட்டில் கடிகாரம் என்றால் எச்எம்டி. அதன் பலம், சாவி கொடுத்து ஓட்டும் இயந்திரக் கடிகாரம். டைட்டனின் முதல் நிர்வாக இயக்குநர் செர்க்சஸ் தேசாய் குவார்ட்ஸை நம்பினார். உள்ளே இருந்த சுருள்வில்லும் அதைச் சார்ந்த சக்கரங்கள் பலவும் போய், ஒரு சின்ன மின்கலமும் ஒரு சில்லும் வந்தன. 2016-இல் எச்எம்டி கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. டைட்டன் நகைக்கடை வரை வளர்ந்தது. அந்த நிறுவனத்தில் இன்றும் தனிப்பெரும் பங்குதாரர் டிட்கோதான். கிட்டத்தட்ட 28 சதவீதம் அதன் கையில். பின்தங்கிய ஒரு வட்டாரத்தில் அரசு துணிந்து போட்ட பணம் மாநிலத்துக்கே சொத்தாக நிற்கிறது. இன்று புதிதாக வரும் கம்பெனிகளுக்கு நிலம் தருகிறோம், வரிச் சலுகை தருகிறோம். பங்காளியாக உட்காரும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டோம். இது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மின்சார வண்டி ஓசூருக்கு இரண்டு வாசல் வழியாக வந்தது. ஒன்று உள்ளூர் வாசல்: 2020 ஜனவரியில் டிவிஎஸ் ஐக்யூப் ஸ்கூட்டரை அறிமுகம் செய்தது. மற்றொன்று பெங்களூர் வாசல்: சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் தொடங்கிய ஏத்தர், முதலில் பெங்களூரின் வைட்ஃபீல்டில் சிறிய அளவில் வண்டி செய்துகொண்டிருந்தது. 2021 தொடக்கத்தில் உற்பத்தியை ஓசூருக்கு மாற்றியது. இப்போது இங்குள்ள அதன் ஆலைகளில் ஆண்டுக்கு 4.2 லட்சம் வண்டி செய்யும் வசதி இருக்கிறது. கிருஷ்ணகிரி போகும் வழியில் சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி 2023 ஜனவரியில் ஆலை திறந்தது. கிருஷ்ணகிரியையும் தாண்டிப் போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலை, 500 ஏக்கரில். 2020 டிசம்பரில் அதற்காக ஓலா அரசோடு போட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 2,400 கோடி ரூபாய். பெண்களே முழுவதும் நடத்தும் ஆலை என்று மறு ஆண்டில் அறிவித்தார்கள். கிருஷ்ணகிரி என்ற ஒரே மாவட்டத்தில் இவ்வளவும்.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு, பெட்ரோல் போய் மின்சாரம் வந்துவிட்டது என்று நினைத்தால் ஓசூரைப் புரிந்துகொள்ள முடியாது. டிவிஎஸ் மோட்டாரின் 2024-25 கணக்கை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு விற்ற வண்டிகள் 47 லட்சத்துக்கும் மேல். அதில் மின்சார வண்டி சுமார் 2.8 லட்சம், அதாவது நூற்றுக்கு ஆறு. நாடு முழுவதற்கும் அதே விகிதம்தான். ஆண்டு முழுவதும் விற்ற மின்சார இருசக்கர வண்டிகள் 11 லட்சத்தைச் சற்றே தாண்டின. அதே ஆண்டில் டிவிஎஸ் நிறுவனத்தின் நிகர லாபம் சுமார் 2,700 கோடி. ஏத்தரின் நஷ்டம் சுமார் 812 கோடி, ஓலாவின் நஷ்டம் சுமார் 2,276 கோடி. மின்சார வண்டிக்கான ஆராய்ச்சி, மென்பொருள், சார்ஜிங் நிலையம் எல்லாவற்றுக்கும் பெரும்பணம் வேண்டும். டிவிஎஸ்ஸுக்கு அது பெட்ரோல் வண்டி விற்ற லாபத்திலிருந்து கிடைக்கிறது. மற்ற இரண்டுக்கும் அது முதலீட்டாளரின் பாக்கெட்டிலிருந்து வர வேண்டியிருக்கிறது. 2025 ஏப்ரலில் மின்சார இருசக்கர வண்டி விற்பனையில் டிவிஎஸ் முதலிடத்துக்கு வந்ததற்கு, நீண்ட நாள் பொறுத்திருக்க முடிகிற இந்தப் பலமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பங்குச் சந்தையும் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடுமையான பாடத்தைக் கற்றுக்கொடுத்தது. ஓலா 2024 ஆகஸ்டில் 76 ரூபாய் விலையில் பங்கு வெளியிட்டு ஆறாயிரம் கோடிக்கு மேல் திரட்டியது. இரண்டே வாரத்தில் 150 ரூபாயைத் தாண்டியது. 2025 ஜூலையில் 40 ரூபாய்க்குப் பக்கத்தில் கிடந்தது. ஏத்தர் 2025 ஏப்ரல் கடைசியில் 321 ரூபாய்க்கு வெளியிட்டது. முதல் நாள் பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. ஆண்டு முடிவதற்குள் 600 ரூபாயைத் தாண்டியது. இரண்டும் நஷ்டத்தில் இருந்த கம்பெனிகள், இரண்டும் மின்சார ஸ்கூட்டர், இரண்டுக்கும் ஆலை ஒரே மாவட்டத்தில். ஆகவே மின்சார வாகனத் துறை வளரும் என்று கணித்துவிட்டாலே பணம் பெருகிவிடாது. வண்டி பழுதானால் சர்வீஸ் கிடைக்கிறதா, ஒரு வண்டி விற்றால் கைக்கு என்ன மிஞ்சுகிறது, மானியம் நின்றால் விலை தாங்குமா என்ற கேள்விகள்தான் இரண்டையும் பிரித்தன.

மானியத்தின் கதையும் ஓசூருக்கு நன்றாகத் தெரியும். மின்வாகனங்களுக்கு மானியம் தரும் மத்திய அரசின் ஃபேம் திட்டத்தில் கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயாக இருந்த உதவி, 2023 ஜூன் முதல் தேதி 10,000 ஆனது. வண்டி விலையில் 40 சதவீதம் வரை என்றிருந்த வரம்பு 15 சதவீதமாகச் சுருங்கியது. மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டிய நாட்டு விற்பனை, ஜூனில் பாதிக்கும் கீழே போனது. பிறகு 5,000, அப்புறம் 2,500. 2025 செப்டம்பரில் 350 சிசி வரையுள்ள பெட்ரோல் வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் மின்சார வண்டிக்கு இருந்த விலைச் சாதகம் இன்னும் மெலிந்தது. டெல்லியில் ஓர் ஆணை மாறினால் இங்கே ஷிப்ட் எண்ணிக்கை மாறுகிறது.

பெரிய ஆலைகளை விட்டுவிட்டு சிறுதொழில்களுக்கான சிட்கோ பேட்டையின் குறுக்குத் தெருக்களுக்கு வருவோம். இந்த ஊரின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கணினி வழி இயங்கும் நாலு சிஎன்சி லேத், ஒரு விஎம்சி, இரண்டு பழைய லேத், பத்துப் பன்னிரண்டு ஆள் என்று ஒரு பட்டறை. முதலாளியே இயந்திரத்தை வேலைக்குத் தயார்செய்யும் செட்டராகவும் நிற்பார், அவசரத்துக்கு ஆபரேட்டராகவும் நிற்பார். பெரிய கம்பெனிக்கு நேராக உதிரிபாகம் கொடுக்கிற வெண்டர் ஒருவர். அவருக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பவர் இவர். டிராயிங் வரும், மெட்டீரியல் வரும், மைக்ரான் கணக்கில் கடைந்து, பெட்டியில் அடுக்கி அனுப்ப வேண்டும். எஞ்சினுக்குள் அசையும் உறுப்புகள் ஏராளம்: பிஸ்டன், வால்வு, கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்ட், கிளட்ச், கியர். மின் மோட்டாரில் அசைபவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். சைலன்ஸர், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பெட்ரோல் டேங்க் எதுவும் தேவையில்லை. சேஸி, ஃபோர்க், பிரேக், வீல், சீட், விளக்கு போன்றவை எஞ்சினோடு சம்பந்தம் இல்லாததால் பிழைத்துக்கொள்ளும். அலுமினிய டை காஸ்டிங்குக்கு வேலை கூடவும் செய்யும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் கூடு வேண்டுமே.

ஆக, ஒரு பட்டறை தப்புமா தப்பாதா என்பது அதனிடம் என்ன இயந்திரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண சிஎன்சி லேத்துக்கு டிராயிங்கும் டூலும் மாறினால் போதும்; நேற்று கியர் பிளாங்க் கடைந்தது நாளை மோட்டார் ஷாஃப்ட் கடையும். கேம்ஷாஃப்ட் அரைக்கவென்றே செய்த தனி இயந்திரத்தை வைத்துக்கொண்டு வேறு எதுவும் செய்ய முடியாது. அது வங்கிக் கடனில் வாங்கியது, வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருக்கிறது, தவணை இன்னும் சில ஆண்டு பாக்கி. பெரிய கம்பெனி பெட்ரோலிலிருந்து மின்சாரத்துக்கு மெல்ல மெல்ல நகரலாம். தோற்றால் ஒரு மாடலை நிறுத்திவிட்டு அடுத்ததைக் கொண்டுவரும். ஒரே ஒரு பாகத்தை ஒரே ஒரு வெண்டருக்குச் செய்பவருக்கு அந்த ஆர்டர் நின்ற மாதமே நெருக்கடி. மாற்றத்தின் லாபம் மேலே தங்குகிறது, அபாயம் படிப்படியாகக் கீழே இறங்கிக் கடைசிப் பட்டறையில் உட்கார்ந்துவிடுகிறது. முதலீடு என்ற பேச்சில் நாம் அதிகம் பார்க்கத் தவறுவது இதைத்தான்.

பேட்டரியைப் பார்த்தால், புதிய வேலை ஊருக்கு வெளியே போவது தெரியும். எக்ஸைடின் ஈய-அமில பேட்டரி ஆலை ஓசூர் அருகே இருக்கிறது. அதே குழுமம் லித்தியம் செல்லுக்கான புதிய ஆலைக்குப் பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளிப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. ஏத்தரின் மூன்றாவது ஆலை மகாராஷ்டிரத்துக்குப் போகிறது. செல்கள் இன்னும் பெரும்பாலும் சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வருகின்றன. மோட்டாருக்கான காந்தமும் சீனச் சரக்கு. 2025 ஏப்ரலில் அந்நாடு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, கையளவு காந்தம் இல்லாமல் வண்டி நின்றுவிடுமோ என்று இந்தியத் தொழிற்சாலைகள் தவித்தன. பிஸ்டனைப் பக்கத்துத் தெருவில் செய்த ஊர், காந்தத்துக்குக் கடல் கடந்து காத்திருக்கிறது. எஞ்சின் காலத்தில் ஒரு வண்டியின் மதிப்பில் எவ்வளவு ஓசூருக்குள் தங்கியதோ, அவ்வளவு இப்போது தங்குவதில்லை. வண்டி எண்ணிக்கை கூடினாலும் ஊருக்குக் கிடைப்பது குறையலாம்.

ஊரோ வீங்கிக்கொண்டே போகிறது. 2011 கணக்கெடுப்பில் பழைய நகராட்சி எல்லைக்குள் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர், 2019-இல் மாநகராட்சி. தேன்கனிக்கோட்டைப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்தபின், கைப்பேசிப் பாகம் செய்ய வெளிமாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்களுக்கான விடுதிகள் பெருகின. 2024-இல் அறிவித்த விமான நிலையத்தை நம்பி நில விலை முன்பே ஓடிவிட்டது. ரோஜாத் தோட்டங்கள் மனைகளாகின்றன.

ஓசூரை நம்பிப் பங்கு வாங்க நினைப்பவர் ஸ்கூட்டர் கம்பெனியின் பெயரோடு நின்றுவிடாமல், உதிரிபாக நிறுவனங்களின் ஆண்டறிக்கையைத் திறந்து, வருமானத்தில் எத்தனை சதவீதம் எஞ்சினுக்குள் போகும் பாகங்களிலிருந்து வருகிறது என்று தேட வேண்டும். சட்டகமும் பிரேக்கும் செய்பவருக்குக் கவலை குறைவு. வால்வும் கேம்ஷாஃப்டும் செய்பவர், பெட்ரோல் லாபம் கைக்கு வரும்போதே வேறு வழி தேடுகிறாரா என்று பார்க்க வேண்டும். அரசும் அதே கேள்வியைப் பட்டறைகளிடம் கேட்கலாம். 2023-இல் வெளியிட்ட மின்வாகனக் கொள்கையில் தமிழகம் 50,000 கோடி முதலீட்டையும் ஒன்றரை லட்சம் வேலையையும் இலக்காக வைத்தது. அதற்காகத் தரும் சலுகைகளில் ஒரு சிறு பங்கை, கேம்ஷாஃப்ட் இயந்திரத்தின் கடனை மாற்றி எழுதவும், சிட்கோ பேட்டைக்குள் பொதுவாக ஒரு மோட்டார் சோதனைக்கூடம் அமைக்கவும், செட்டர்களுக்கு மோட்டார் கம்பிச்சுருள் சுற்றவும் கன்ட்ரோலர் பொருத்தவும் பயிற்சி தரவும் ஒதுக்கினால் போதும். பெட்ரோல் வண்டிகள் இன்னும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் விற்கின்றன. பட்டறைகளில் ஆர்டர் இருக்கிறது, கையில் வேலை இருக்கிறது, தவணையும் கட்ட முடிகிறது. இந்தச் சில ஆண்டுகளுக்குள் அதைச் செய்தாக வேண்டும்.