ஹாலேயில் ஒரு குளிர்காலப் பகல்

ஜெர்மனிக்குப் போகிறவர்கள் பெர்லினைப் பார்ப்பார்கள், மியூனிக்கைப் பார்ப்பார்கள், ரைன் நதியில் படகேறுவார்கள். ஹாலேயில் இறங்குகிறவர்கள் குறைவு. லைப்சிக்கிலிருந்து ரயிலில் சுமார் அரை மணி நேரம்தான். சாலே நதிக்கரையில் உப்புக் காய்ச்சி வளர்ந்த பழைய நகரம். தமிழில் ஆர்வம் உள்ள எவரும் அங்கே ஒரு பகலாவது செலவிட வேண்டும் என்பது என் கட்சி. அதை டிசம்பர் மாதத்திலா செய்ய வேண்டும் என்பது என் மனைவியின் கட்சி.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டிசம்பரில் அங்கே காலை எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் தலைகாட்டுகிறது. மாலை நான்கு மணிக்கெல்லாம் கடையைக் கட்டிவிடுகிறது. "பாக்கறதுக்கே எட்டு மணி நேரம். அதுல பாதி கையுறையைக் கழட்டி மாட்டறதுக்கே சரியாப் போயிடும்" என்றாள். ஆனாலும் இரண்டு ஜோடி காலுறை, கம்பளிக் குல்லா சகிதம் எனக்கு முன்பே கிளம்பி நின்றாள்.

ரயிலடியிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் சந்தைச் சதுக்கம். பனி பெய்யவில்லை, அதைவிட மோசமான ஈரக் குளிர். முதலில் கண்ணில் படுபவை ஐந்து கோபுரங்கள். ஒன்று தனியாக நிற்கும் 'சிவப்புக் கோபுரம்'. மற்ற நான்கும் சந்தைத் தேவாலயத்துக்குச் சொந்தம். 16-ம் நூற்றாண்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு தேவாலயங்களின் கோபுரங்களை மட்டும் விட்டுவைத்து, நடுவில் புதிதாக ஒரு மண்டபத்தைக் கட்டி இணைத்திருக்கிறார்கள். 1546-ல் மார்ட்டின் லூதர் இறந்தபோது அவர் உடலை இந்த ஊர் வழியாகத்தான் விட்டன்பெர்க்குக் கொண்டுபோனார்கள். அவர் முகத்திலிருந்து எடுத்த அச்சு இங்கே இருக்கிறது. இசைமேதை ஹாண்டெல் 1685-ல் பிறந்ததும் இந்த ஊரில்தான். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த தொட்டியும், சிறுவனாக அவர் பயின்ற சிறிய ஆர்கனும் அதே தேவாலயத்தில் இருக்கின்றன. அந்த ஆர்கன் அவரைவிட மூத்தது, 1664-ல் செய்தது. வீணை கற்றவளான என் மனைவி அதைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றாள். குளிரைப் பற்றிய புகார் அத்தோடு நின்றது.

வெளியே கிறிஸ்துமஸ் சந்தை. ஆவி பறக்கும் கோகோ வாங்கிக் குடித்தோம். ஊரின் பெருமைகளில் ஒன்றான உருண்டை சாக்லேட்டையும் வாங்கினோம். 1804-ல் தொடங்கிய கம்பெனி அது. உப்பளத் தொழிலாளர்களின் சட்டைப் பொத்தான் வடிவில் செய்த சாக்லேட்டாம். பிறகு தெற்கே நடந்தோம். நான் பார்க்க வந்தது அங்கேதான் இருந்தது.

வாகனங்கள் இரையும் ஒரு மேம்பாலத்தை ஒட்டி நிற்கிறது அந்த வெளிர் நிறக் கட்டடம். முகப்பின் உச்சியில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள். ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற பாதிரியார் கட்டிய அனாதை இல்லம். 1695-ல் தன் வீட்டு உண்டியலில் விழுந்த 4 தாலர் 16 குரோஷன் காசை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர் அவர். 1698-ல் இந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டார். அவர் இறந்த 1727-க்குள் இது 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கும் ஒரு சிற்றூராகவே ஆகிவிட்டிருந்தது. அச்சகம், மருந்துச் சாலை, நூலகம், நூறு மீட்டருக்கு மேல் நீளும் மரச்சட்டக் கட்டடம் என்று எல்லாமே ஒரு முற்றத்தைச் சுற்றி. கிழக்கு ஜெர்மனி காலத்தில் பாழடைந்து கிடந்த பல கட்டடங்களை, இரு ஜெர்மனிகளும் 1990-ல் இணைந்த பிறகு ஒவ்வொன்றாகச் சீர்செய்தார்கள்.

சீகன்பால்கு இங்கே படித்தவர். டென்மார்க் அரசர் அனுப்ப, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். தமிழ் அச்சு 1578-லேயே கொல்லத்தில் தொடங்கிவிட்டது. ஆனால் தரங்கம்பாடி அச்சுக்கூடத்துக்கு முதல் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியது ஹாலே. அவை அளவில் பெரியவை, காகிதத்தை விழுங்கின. எனவே அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. பக்கத்தில் பொறையாறில் காகிதம் செய்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அனாதை இல்லத்தின் மாடிகளை ஏறிக் கூரைக்கடியில் இருக்கும் கடைசித் தளத்துக்குப் போனோம். அங்கே ஒரு விசித்திரமான அறை. உலகின் நாலா பக்கத்திலிருந்தும் வந்த பொருள்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகச் சேர்த்தது. 18-ம் நூற்றாண்டு அலமாரிகள் அப்படியே இருக்கின்றன. மேலே ஒரு முதலை தொங்குகிறது. சங்கு, சிப்பி, பாடம் செய்த உயிரினங்கள். இவற்றோடு தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறி வந்த ஓலைச்சுவடிகள்.

என் மனைவி கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தாள். உதடு அசைந்தது. "புள்ளியே வைக்கலையே. கவா, க்வா, எப்படிச் சொல்றது?" என்றாள். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று எழுதாமல் விடுவது வழக்கம் என்றேன். "தெரியும். எங்க தாத்தா சுவடியும் இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தத் தாத்தாவின் சுவடியைப் பற்றி நான் கேட்டதில்லை. அவர் கும்பகோணம் பக்கத்தில் நாட்டு வைத்தியர். அவர் காலத்துக்குப் பிறகு அந்த ஓலைகளைப் படிக்க வீட்டில் ஆள் இல்லை. ஓர் ஆடிப்பெருக்கு அன்று மஞ்சள் குங்குமம் வைத்து அத்தனையையும் காவிரியில் விட்டுவிட்டார்கள். ஒரு கட்டு மட்டும் சரஸ்வதி பூஜைக்கு வேண்டும் என்று தங்கிவிட்டது.

"பாத்தியா, அங்கே ஆத்தோட போனது இங்கே பத்திரமா இருக்கு" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "பத்திரமாத்தான் இருக்கு. முதலைக்குப் பக்கத்துல. இவங்க நம்மளைப் படிக்கறதுக்கா கொண்டுவந்தாங்க? மதம் மாத்தறதுக்குத்தானே?"

முற்றத்தில் இறங்கி, இலையுதிர்ந்த மரங்களுக்கு நடுவே நடந்தபடி இதை வாதாடினோம். அவள் கேள்விக்குச் சரித்திரம் தரும் பதில் நேரானதல்ல. சீகன்பால்கு வந்தது மதம் பரப்பத்தான். அதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. ஆனால் வந்து இரண்டே வருடத்தில், தான் சேர்த்த நூறுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார்; திருக்குறளும் அதில் உண்டு. அதே 1708-ல் கொன்றை வேந்தனையும் உலக நீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மனில் பெயர்த்தார். தமிழர்கள் நாகரிகமற்றவர்கள் என்று ஐரோப்பாவில் நினைப்பது தவறு என்று எழுதினார். 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். ஐயனாரும் மாரியம்மனும் பிடாரியும் அதில் இடம்பெற்றார்கள்.

ஃபிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் ஆள் அனுப்பினோமே தவிர, அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவர் வாதம். அந்த நூல் 1867-ல்தான், அதுவும் சென்னையில் அச்சேறியது. 154 வருடக் காத்திருப்பு. நீதிநூல் மொழிபெயர்ப்புகள் 1930 வரை காத்திருந்தன. ஆனால் இதே ஹாலே இன்னொன்றையும் செய்தது. மிஷனரிகள் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய பதில் கடிதங்கள் 99-ஐ ஜெர்மனில் பெயர்த்து 1714-லும் 1717-லும் அச்சிட்டது. அவற்றில் தங்கள் சமயத்தை விட்டுக்கொடுக்காமல் வாதாடிய கடிதங்களும் உண்டு.

"அப்ப ரெண்டு பேர் சொல்றதும் சரி" என்றாள், எனக்கு ஆறுதலாக.

எனக்கு அந்த முற்றத்தில் வேறு சிலரின் நினைவு வந்தது. சீகன்பால்கு 1714-ல் ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரைக் கூட்டிவந்தார். கப்பலில் அவர் உதவியோடு எழுதிய தமிழ் இலக்கணம் லத்தீன் மொழியில் 1716-ல் ஹாலேயில் அச்சானது. தரங்கம்பாடி வெயிலில் வளர்ந்த மலையப்பனுக்கு இந்தக் குளிர் எப்படி இருந்திருக்கும்? அந்தப் பயணத்தில்தான் சீகன்பால்கு, மரியா டோரோதியா என்ற பெண்ணை மணந்து தரங்கம்பாடிக்கு அழைத்துப் போனார். 1719-ல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 36. "அந்தப் பொண்ணுக்கு நம்ம வெயில் எப்படி இருந்ததோ, அதையும் யோசிங்க" என்றாள் என் மனைவி.

மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. டிராம் பிடித்துத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே இருட்டறையில் ஒரு வெண்கலத் தட்டு: நெப்ரா வான்தட்டு. சுமார் 3,600 வருடப் பழமை. குறுக்களவு 32 சென்டிமீட்டர். பச்சை பூத்த வெண்கலத்தில் தங்கத்தால் பிறை, வட்டம், நட்சத்திரங்கள். ஏழு புள்ளிகள் நெருங்கி நிற்கும் இடம் கார்த்திகை மீன்கள் என்கிறார்கள். நாம் ஆறு என்று எண்ணுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். 1999-ல் இதைத் தோண்டியெடுத்தவர்கள் புதையல் திருடர்கள். அவசரத்தில் ஓரத்தைச் சேதப்படுத்தினார்கள். கைமாறிக் கைமாறிப் போனதை 2002-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் போலீஸ் பொறி வைத்து மீட்டது. தோண்டியவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. தட்டு உலகுக்குக் கிடைத்தது.

"எடுத்தவன் நோக்கம் ஒண்ணு, கடைசியில நடக்கறது ஒண்ணு" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆனா இதை எடுத்துவச்சு உக்காந்து படிச்சிருக்காங்க பாருங்க. அங்கேதான் விஷயம்" என்றாள்.

லைப்சிக் ரயிலில் ஏறியபோது ஐந்தரை மணி. வெளியே கும்மிருட்டு. ஊரில் அப்போது இரவு பத்து. அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, சரஸ்வதி பூஜைக்கு வைப்போமே, அந்தக் கட்டு இருக்கா?"

இருக்கிறது என்றார். பட்டுத்துணியில் சுற்றி, பூஜை அலமாரியில்.

"அதுல என்ன எழுதியிருக்கு?"

அவர் சிரித்தது எனக்கே கேட்டது. அதைப் பிரித்ததே இல்லையாம். பிரித்தால் உதிர்ந்துவிடும் என்று அப்பா சொல்லியிருக்கிறாராம். பூச்சி அரித்திருக்கிறதா என்றுகூடத் தெரியாதாம்.

"நான் அடுத்த மாசம் வரேன். நீ தொடாதே, பத்திரமா வை. தஞ்சாவூர்ல சுவடி படிக்கத் தெரிஞ்சவங்க இருப்பாங்க. கூட்டிட்டு வந்து பிரிக்கலாம்" என்றாள்.