புறநகரில் ஒரு சாப்பாட்டுக் கடை

பம்பாயின் புறநகர் ஒன்றில் வீடு தேடும் தமிழன் இரண்டு கேள்விகளை மறவாமல் கேட்பான். குழாயில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வரும்? ரயில் நிலையத்துக்கு எவ்வளவு தூரம்? மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அது குடியேறிய பின்னரே, அதுவும் இல்லாள் ஊருக்குப் போன மறுநாள் காலையில்தான் தோன்றும். இங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்? நான் 1984-இல் முலுண்டுக்குக் குடிவந்தேன். இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது 2005-இல்.

இவ்வளவு காலம் பிடித்ததற்கு முதற் காரணம் மாட்டுங்கா. மணமாவதற்கு முன் அங்கே நால்வர் சேர்ந்து ஓர் அறையில் குடியிருந்தோம். நாவுக்கு அந்த வயதில் ஏற்படும் பழக்கம் பிறகு எளிதில் மாறுவதில்லை. 1939-இல் தோன்றிய ராம் ஆஸ்ரயாவில் காலைச் சிற்றுண்டி. 1940-இல் தோன்றிய கஃபே மெட்ராஸில் ஞாயிறு மாலை. மதியச் சாப்பாட்டுக்கு நிலையத்தை ஒட்டிய கடைவீதியில் மாடிப்படி ஏறிச் சென்றால் ராமநாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். அது 1942-இல் தொடங்கியது. வாழையிலை, ஆவி பறக்கும் சோறு, மிளகு தூக்கலான ரசம், கேட்கக் கேட்க மோர். முதல் தேதியில் சம்பளம் வாங்கியவனும், மாதக் கடைசியில் சில்லறையை எண்ணிக்கொண்டு வந்தவனும் அங்கே ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். இவற்றையெல்லாம் நடத்தியவர்கள் கன்னடக் கரையோரத்து மக்கள். தமிழர்களாகிய நாம்தான் இவற்றை நம்முடையவை என்று சொந்தம் பாராட்டி வந்தோம். இன்றும் பாராட்டி வருகிறோம்.

முலுண்டுக்கு வந்ததும் ஒவ்வொரு கடையையும் மாட்டுங்கா என்னும் படிக்கல்லால் நிறுக்கத் தொடங்கினேன். சோதனை முறைகள் சில வைத்திருந்தேன். தேங்காய்ச் சட்டினி தண்ணீர் விட்டு நீட்டப்பட்டதா என்று கரண்டியிலிருந்து விழும் விதத்திலேயே தெரிந்துவிடும். இட்லியைப் பிட்டால் நூல் போல் இழுபட்டால் மாவு சரியில்லை; பிட்ட இடம் வறண்டு உதிர்ந்தால் அது காலையில் வெந்து மாலையில் பரிமாறப்படுவது. காப்பியைக் கேட்டவுடன் கொண்டுவந்து வைத்துவிட்டால் அதைக் குடிக்கவே வேண்டியதில்லை. பெயர்ப்பலகையில் 'மெட்ராஸ்' என்று எத்தனை பெரிதாக எழுதியிருக்கிறதோ அத்தனைக்கு ஐயப்பட வேண்டும் என்பதும் என் அனுபவம். உணவுப் பட்டியலில் இட்லிக்கும் பாவ் பாஜிக்கும் நடுவே சீனத்து நூடுல்ஸ் வந்து உட்கார்ந்த காலம் அது. எல்லாவற்றையும் சமைக்கிறவன் எதையும் சமைப்பதில்லை என்று நண்பர்களிடம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருமுனையிலும் ஓர் உடுப்பி ஓட்டல் இருந்தது. உரிமையாளர் குந்தாப்பூர்க்காரர். தெருவில் எல்லோரும் அவரை ஷெட்டி என்றே அழைப்பார்கள். குடிவந்த வாரத்திலேயே போய் ரைஸ் பிளேட் வாங்கினேன். முதற் கவளத்தில் சாம்பார் தித்தித்தது. வெல்லம்! உடுப்பிச் சமையலில் சாம்பாருக்கு வெல்லம் சேர்ப்பது மரபு என்பதும், சுற்றிலும் குஜராத்தி அன்பர்கள் வாழும் வட்டாரத்தில் அந்தக் கை சற்றுத் தாராளமாகவே விழும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தும் மன்னிக்கவில்லை. மீதியை உண்ணாமல் எழுந்துவிட்டேன். கல்லாவில் இருந்த ஷெட்டி எச்சில் தட்டையும் என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சில்லறையை எண்ணித் தந்தார். அதன்பின் இருபத்தோர் ஆண்டுகள் அந்த வாசலைத் தாண்டி நாள்தோறும் ரயிலுக்குப் போனேன். அவசரத்துக்குத் தேநீர் குடித்தது உண்டு. இலை போட்டு உட்கார்ந்ததில்லை. 

1998-இல் தந்தையார் மறைந்தபின் அம்மாவை நாஞ்சில் நாட்டிலிருந்து அழைத்து வந்தேன். சுசீந்திரத்துக்கு அப்பால் அதிகம் போகாதவள். ஓட்டல் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு முகம் சுருங்கும். தீட்டு, ஆசாரம் என்பதெல்லாம் அவள் காரணமல்ல. "சோத்தை வெலைக்கு விக்கிற எடத்தில நான் கால் வைக்க மாட்டேன் மக்கா" என்பாள். வந்தவனுக்கு இடவேண்டிய ஒன்றைத் தராசில் வைத்துவிட்டார்கள் என்பது அவள் வழக்கு. பம்பாயில் பாதிப் பேர் விலைக்கு வாங்கிய சோற்றில்தான் உயிர் வாழ்கிறார்கள் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "அது அவங்க விதி" என்று முடித்துவிட்டாள்.

2005 ஜூன் கடைசியில் என் மனைவி ஈரமான படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை, மருத்துவமனையில் நீண்ட வாசம். துணைக்கு அவள் தங்கை வந்து இருந்தாள். வீட்டில் நானும் எண்பத்திரண்டு வயது அம்மாவும். அவளுக்குக் கண்ணில் புரை, கையில் நடுக்கம், அடுப்பருகே விடுவதற்கில்லை. எனக்குக் காப்பி கலக்கத் தெரியும், காலையில் கஞ்சி காய்ச்சத் தெரியும். அறுபத்தோரு வயதுவரை அதற்கு மேல் எதையும் கற்றுக்கொள்ளாதது குறித்து இன்று வெட்கப்படுகிறேன். அன்று வெட்கப்பட நேரமில்லை. 

தாராவியிலிருந்து நம்மவர்கள் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் இட்லியை வைத்து, சைக்கிளில் ஊதல் ஒலித்தபடி பல பகுதிகளுக்கும் போய் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி வந்த ஒருவரிடம் வாங்கி, பக்கத்து வீட்டில் கொடுத்ததாகச் சொன்னேன். ஊதல் ஒலியை அம்மா கேட்டுவிட்டிருந்தாள். ஒரு மெஸ்ஸிலிருந்து வந்த கூட்டில் சோடா உப்பு இருப்பதை முகர்ந்தே சொன்னாள். இன்னொரு கடைச் சாம்பாரை நாவில் வைத்தவள், "பாயசமா இது?" என்று கேட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். இப்படி ஒரு வாரம். அவள் கஞ்சியும் வாழைப்பழமுமாக நாளைத் தள்ளினாள். கன்னம் ஒட்டிப்போயிற்று.

கடைசியில் ஒரு பொய்யைத் துணைக்கு அழைத்தேன். மாட்டுங்காவில் பழைய நண்பர் வீட்டில் நமக்கும் சேர்த்துச் சமைக்கிறார்கள் என்றேன். நாள்தோறும் காலை பதினொரு மணிக்கு டிபன் கேரியருடன் மெது ரயிலில் ஏறுவேன். முக்கால் மணிப் பயணம். அதே மாடிப்படி, அதே ரசம். ஒன்றரை மணிக்கெல்லாம் அம்மாவின் இலையில் சோறு விழும். முதல் நாள் ரசத்தை உறிஞ்சியவள், "எந்த ஊர்க்காரி?" என்று மட்டும் கேட்டாள். திருநெல்வேலி என்றேன். தலையசைத்தாள். இந்த ஏற்பாடு மூன்று வாரத்துக்குக் குறைவாகவே நடந்தது.

ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. அன்று என்ன நடந்தது என்பதைப் பம்பாய்வாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் அன்பர்களுக்காக ஒரு கணக்கு. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் பெய்த மழை 944 மில்லிமீட்டர். அதே வேளை நகரின் தென்கோடியிலுள்ள கொலாபாவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நான் மாட்டுங்காவில் கேரியரை நிரப்பிக்கொண்டு ரயில் ஏறியபோது வானம் கறுத்திருந்தது, அவ்வளவே. சயானைத் தாண்டிக் குர்லாவை எட்டுவதற்குள் வண்டி நின்றது. தண்டவாளம் மறைந்தது. பிறகு பக்கத்துச் சுவர் மறைந்தது. கைப்பேசிகள் வாயடைத்துப் போயின. அம்மாவுக்கு வீட்டுத் தொலைபேசியை எடுத்துப் பேசத் தெரியும். ஆனால் பேசுவதற்கு என்னிடம் வழி இல்லை.

அந்தப் பெட்டியில் கழிந்த இரவை விரித்து எழுத விருப்பமில்லை. மனத்தில் ஓடியது ஒன்றே. மூன்றாம் மாடியில், விளக்கில்லாமல், மொழி தெரியாத ஊரில் ஒரு கிழவி காலையில் குடித்த கஞ்சியோடு உட்கார்ந்திருக்கிறாள். பாதையோரக் குடிசைகளில் இருந்தவர்கள், தங்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நின்றபோதும், பிஸ்கட்டும் தேநீரும் ஜன்னல் வழியே நீட்டினார்கள். எதிர் இருக்கையில் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது, மீண்டும் அழுதது. இரவு பத்து மணி வரை கேரியரை மடியிலேயே வைத்திருந்தேன். பிறகு திறந்தேன். ஏழு பேர் உண்டார்கள்.

விடிந்து தண்ணீர் சற்று வடிந்தபின் நடக்கத் தொடங்கினேன். விக்ரோளி வரை கால்நடை. அங்கிருந்து ஒரு லாரிக்காரர் புண்ணியம் கட்டிக்கொண்டார். வீட்டை அடைந்தபோது நண்பகல். கதவு திறந்திருந்தது. அம்மா நாற்காலியில் அமர்ந்து, எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது எங்கள் வீட்டுக் கிண்ணம் அல்ல.

அவள் சொன்னதையும் காவலாளி சொன்னதையும் சேர்த்துத் தருகிறேன். மாலையில் மின்சாரம் போனதும், மேலே கிழவி தனியாக இருக்கிறாள், மகன் திரும்பவில்லை என்று காவலாளி ஓட்டலில் சொல்லியிருக்கிறான். ஷெட்டி பையனை அனுப்பவில்லை. ஒரு கையில் மெழுகுவர்த்தியும் மறு கையில் தூக்குமாகத் தாமே மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குத் தமிழன்றி வேறு தெரியாது. அவர் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, "அன்ன" என்றாராம். அன்னம் என்று அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "சாறு" என்றாராம். 

"பழச்சாறாக்கும்னு நெனச்சேன். பாத்தா ரசம்" என்றாள் அம்மா.

அன்று ஆடிச் செவ்வாய். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நோன்பு நாள். அம்மா வெங்காயம் சேர்க்க மாட்டாள். "ஈருள்ளி உண்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். நாஞ்சில் நாட்டுச் சொல். சென்னைத் தமிழனுக்குக்கூடச் சட்டென்று விளங்காது. கன்னடத்திலும் அதுதான் ஈருள்ளி. ஷெட்டி இல்லை என்று கையை விரித்துக் காட்டிச் சிரித்தாராம். பிறகு அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணம் எடுத்திருக்கிறாள். அவர் இரண்டடி பின்வாங்கிக் கும்பிட்டிருக்கிறார்.

"வெலை வாங்கல மக்கா. அதனால சாப்பிட்டேன்."

ரசம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லா இருந்தது. உப்புக் கொஞ்சம் கூட. மழையில அவசரமா எறக்கியிருப்பான்" என்றாள். சற்றுப் பொறுத்து, துடைத்த கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "உன் மாட்டுங்காக்காரி ரசத்தில ஒருநாளும் உப்புக் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. அப்படி ஒரு வீடு எங்க இருக்கு?"

நான் பதில் பேசவில்லை.

அன்று மாலை கிண்ணத்தைத் திருப்பித் தரப் போனேன். நன்றி சொன்னேன், இருபத்தோர் ஆண்டுகளுக்கு முன் எழுந்து போனது அவருக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கத் துணிவில்லை. கொஞ்சம் சாறு கொண்டுவரச் சொன்னார். அன்றுதான் முதன்முறை ருசித்தேன். கொத்தமல்லி விதையும் சீரகமும் வறுத்து அரைத்த மணம், பெருங்காயம், தேங்காயெண்ணெயில் தாளித்த கறிவேப்பிலை. வெல்லம் இருந்தது, ஆனால் அது புளிக்கு அடங்கி, கேட்டால் மட்டும் பேசுகிற மருமகளைப் போல் இருந்தது. சாம்பாரை வைத்தே சமையலறை முழுவதற்கும் தீர்ப்பு எழுதியவன் நான். இரண்டாவது கவளத்துக்கு ரசம் கேட்டிருந்தால் முலுண்டில் என் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும்.

இனி நாள்தோறும் சாறும் சோறும் வேண்டும் என்றேன். சரி என்றார். வீட்டில்தான் சிக்கல். பணம் கொடுத்தால் அம்மா உண்ண மாட்டாள். கொடுக்காமல் வாங்க என் மனம் ஒப்பவில்லை. இரண்டு நாள் யோசித்து அம்மாவே தீர்த்து வைத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த உப்பு நார்த்தங்காய் ஜாடியைத் திறந்து, இரண்டு சுருளை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். சாறு வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது. ஷெட்டி அதை மோர்ச்சோற்றோடு உண்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று ஆள் அனுப்பினார். அன்று முதல் மேலே சாறு, கீழே நார்த்தங்காய். மாதக் கணக்கை நான் கல்லாவில் தனியே தீர்த்துவந்தேன். அம்மாவின் காது எட்டாத இடத்தில் என்று நினைத்துக்கொண்டுதான்.

மனைவி செப்டம்பரில் வீடு திரும்பி, பொங்கலுக்குள் அடுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் பாத்திரம் ஏறி இறங்குவது நிற்கவில்லை. ஜாடி காலியானபோது மாட்டுங்காச் சந்தையில் நார்த்தங்காய் தேடி வாங்கி வந்து, அம்மா சொல்லச் சொல்ல நானே சுருள் சுருளாக அரிந்து உப்பிட்டேன். நான் கற்ற முதல் சமையல் அது.

2009-இல் அம்மா போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் ஷெட்டி மாடிக்கு வந்தார். சாப்பிட்டுவிட்டுப் போனார். கணக்குப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நான்கு ஆண்டுகளாக நான் கொடுத்தது பத்தியில் பத்தியாக இருந்தது. எதிர்ப்பக்கத்தில் கன்னடத்தில் ஏதோ எழுதி, கோடு கோடாகக் குறியிட்டிருந்தார். என்ன என்று கேட்டேன்.

"நார்த்தங்காய் வந்த நாள், சார்" என்றார்.

இப்போது கல்லாவில் அவர் மகன் இருக்கிறான். தோசைக்குள் செஷ்வான் சட்டினி தடவுகிறான், கூட்டம் அலைமோதுகிறது. உணவுப் பட்டியலில் சாறு தனியாக இல்லை, கேட்டால் ஒரு தம்ளரில் வரும். சாம்பார் இன்னும் தித்திக்கிறது. அதை நான் தொடுவதில்லை.