கைரேகை தர மறுத்தவர்களின் பேரன்கள்

1930-ஆம் ஆண்டு கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதன்மையான காரணம் கூலி அன்று. நிர்வாகங்கள் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டதே காரணம். கைரேகை எடுக்கப்படுபவன் குற்றவாளி என்பது அக்காலத்து மக்களின் தெளிவான புரிதல். 1871-இல் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பைக் கொண்டே மனிதரைப் பதிவேட்டில் ஏற்றிய காலம் அது. வடஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து பூமிக்கடியில் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்கள், தங்கள் பெயர் அத்தகைய பதிவேடு ஒன்றில் ஏறுவதை ஏற்கவில்லை.

அவர்களுடைய பேரன்களும் கொள்ளுப்பேரன்களும் இன்று மாரிகுப்பத்திலிருந்து பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின் இந்த வட்டாரத்தின் உழைப்பில் பெரும்பகுதி அந்த ரயிலில்தான் போய் வருகிறது. ஒப்பந்தக் கூலியும் காவலாளி வேலையும் தராத மரியாதையை ராணுவச் சீருடை தருகிறது. அதற்கு 1,600 மீட்டர் ஓட வேண்டும். பிறகு ஒரு படிவத்தையும் நிரப்ப வேண்டும். ஓட்டத்தில் தவறியவன் வயது இருக்கும்வரை மறுபடியும் வரலாம். படிவத்தில் தவறியவனின் நிலை வேறு.

பங்காருபேட்டை இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். வயது பத்தொன்பது. இரண்டாண்டுகளுக்கு முன் திருவிழாவில் நடந்த கைகலப்பில், முதல் தகவல் அறிக்கையில் அவன் பெயரும் சேர்ந்தது. பெரியவர்கள் பேசி ராஜி செய்தார்கள், வழக்கு முடிந்தது. 'கைது செய்யப்பட்டதுண்டா, உங்கள்மீது வழக்குப் பதிவானதுண்டா' என்ற கேள்விக்கு அவன் என்ன எழுதுவான்? வீட்டில் உள்ளவர்கள் 'இல்லை' என்று எழுதச் சொல்வார்கள். அது அன்பினால் சொல்லப்படும் ஆலோசனை. அவனுக்கு மிகப்பெரிய கேடும் அதுதான். 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 44-ஆம் பிரிவின்படி, சேர்க்கைப் படிவத்தில் தெரிந்தே பொய்யான பதில் அளித்தவர் பின்னர் கண்டுபிடிக்கப்பட்டால் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை பெறக்கூடும். முடிந்துபோன கைகலப்பு ஒன்றை மறைக்கப் போய்ப் புதிய குற்றம் ஒன்றைத் தேடிக்கொள்வதாகும் அது.

நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் முற்றிலும் இரக்கமற்றவையாக இருந்ததில்லை. டெல்லி காவல்துறைத் தலைமைக் காவலர் பணிக்கு விண்ணப்பித்த இளைஞர் ஒருவர், ராஜியில் முடிந்த தாக்குதல் வழக்கை விண்ணப்பத்தில் குறிப்பிடவில்லை. 2011-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. இளமையின் தவறுகளை மன்னிக்கும் மனம் வேண்டும் என்றது. ரொட்டி திருடிய ழான் வால்ழானையும் நினைவுகூர்ந்தது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை ஒழுங்குபடுத்தியது. அற்ப வழக்கென்றால், மறைத்திருந்தாலும் வேலை வழங்குபவர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். இளவயதில் முழக்கமிட்ட வழக்கை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னது. ஆனால் உண்மையைச் சொன்னவரையும் எடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மன்னிப்பு இங்கே உரிமையாகவில்லை, அதிகாரியின் விருப்பமாகவே நின்றுவிட்டது. தீர்ப்பைப் பாராட்டுவோர் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள்.

வயதும் ஒரு விசித்திரத்தைச் செய்கிறது. அக்னிவீரராகச் சேரப் பதினேழரை வயது போதும். பதினெட்டு நிறையும்வரை அதே பையன் சிறார் நீதிச் சட்டத்தின் கண்ணில் குழந்தை. 2015-ஆம் ஆண்டின் அச்சட்டம் 24-ஆம் பிரிவில், சிறுவயதுக் குற்றத்தால் பின்னாளில் எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது என்கிறது. பதினாறு வயதைக் கடந்து கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்போல விசாரிக்கப்பட்டவர்கள் மட்டும் விதிவிலக்கு. நாம் எண்ணிய இளைஞனுக்குக் கைகலப்பின்போது பதினேழு. அவனோடு நின்ற நண்பனுக்குப் பதினெட்டு முடிந்து ஒரு மாதம் என்றால், ஒரே கைகலப்பு ஒருவனைத் தொடராது, மற்றவனை விடாது.

2022 ஜூன் 14 அன்று அக்னிபத் அறிவிக்கப்பட்டபோது நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பு நினைவிருக்கும். செகந்திராபாத் ரயில் நிலையத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் இறந்தார். அடுத்த சில நாட்களில் ராணுவ அதிகாரிகள் நிபந்தனையைத் தெளிவாக்கினார்கள்: போராட்ட வன்முறையில் பங்கேற்கவில்லை என்று ஒவ்வொரு விண்ணப்பதாரரும் உறுதியளிக்க வேண்டும், வழக்குப் பதிவானவர்களுக்கு இடமில்லை, காவல்துறைச் சரிபார்ப்பு கட்டாயம். ஆயுதம் ஏந்தப்போகிறவனிடம் ஒழுக்கத்தை எதிர்பார்ப்பதில் தவறில்லை. நான்கே ஆண்டுப் பணி, அதன்பின் நால்வரில் ஒருவருக்கே நீடிப்பு என்ற வேலைக்கும் அதே அளவுகோல்தான். அதிலும் குறை காண முடியாது. ஆனால் முதல் தகவல் அறிக்கை என்பது குற்றச்சாட்டு. அதில் பெயர் சேர்வதற்குக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்ததே போதுமானதாக இருக்கலாம். தண்டனைக்கும் குற்றச்சாட்டுக்கும் இடையே நீதிமன்றம் பேணும் தூரம், ஆள்சேர்ப்பு மேசையில் ஒரு கட்டத்துக்குள் சுருங்கிவிடுகிறது.

எனவே வழக்கு முடிந்த நாளிலேயே பங்காருபேட்டை இளைஞன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்வது. ராஜியில் முடிந்ததா, சாட்சியின்றி விடுதலையா, குற்றமற்றவர் என்று கண்டு விடுதலையா என்பதைச் சொல்வது அந்தத் தாள் மட்டும்தான். பெரும்பாலான வீடுகளில் வழக்கு முடிந்த மகிழ்ச்சியில் யாரும் அதைக் கேட்டு வாங்குவதில்லை. இரண்டாண்டு கழித்து, ஓட்டத்தில் தேறிய மறுநாள், அதைத் தேடிக்கொண்டு நீதிமன்ற எழுத்தர் மேசைக்கு ஓடுகிறார்கள்.