பதம் பார்த்த படலம்

சமையற்கட்டு எந்தத் திசையில் இருக்கிறது என்பதைச் சாப்பாட்டு வேளையில் வரும் வாசனையைக் கொண்டே அறுபது வருஷமாகத் தெரிந்துகொண்டிருந்த புருஷர்கள் மூன்று பேர், ஒரு நாள் காலையில் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதிரசம் செய்யப் புறப்பட்டார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். அம்மூவரில் அடியேனும் ஒருவன்.

மற்ற இருவரில் ஒருவர் கல்லூரியில் ரஸாயனம் போதித்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்தியவர். நாங்கள் போன இடம் கும்பகோணத்தில் எங்கள் நாலாவது ஸ்நேகிதரின் வீடு.

அந்த வீட்டில் தீபாவளி என்றால் அதிரசந்தான். வீட்டு அம்மாள் கேதார கௌரி நோன்பு நோற்பவர். நோன்புக்கென்று 21 அதிரசம் எண்ணி வைத்துவிட்டு, மிச்சத்தைத் தூக்குப் பாத்திரங்களில் போட்டு எங்கள் மூன்று வீட்டுக்கும் அனுப்பிவிடுவார். 2023-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் அந்த அம்மாள் காலமானார். அவ்வருஷம் பண்டிகை இல்லை. அடுத்த வருஷத் தீபாவளி நெருங்கியபோது, "அதிரசமா? அதுதான் கடையிலே விற்கிறதே!" என்றார் ஸ்நேகிதர். விசாரித்ததில், அந்த வீட்டில் அடுப்பு மூட்டியே பல மாதம் ஆயிற்று என்று தெரிந்தது. இரண்டு வேளையும் எடுப்புச் சாப்பாடு. காலைக் காப்பிகூட முனைக் கடையில்.

"மனத்தைத் தேற்றிக்கொள்ளும்" என்று அவரிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அதைக் காட்டிலும் அதிரசம் செய்வது சுலபம் என்று தீர்மானித்தோம். அது எவ்வளவு பெரிய அறியாமை என்பது பிற்பாடுதான் விளங்கிற்று.

2024-ஆம் வருஷத் தீபாவளிக்கு மூன்று நாள் முன்னதாக, அரைக் கிலோ பச்சரிசி, பாகு வெல்லம், ஏலக்காய், சுக்கு, தேங்காய் சகிதம் போய் இறங்கினோம். ஸ்நேகிதர் எங்களைத் தடுக்கவில்லை, வரவேற்கவும் இல்லை. பத்திரிகையை எடுத்துக்கொண்டு, சமையற்கட்டுக்கு முதுகைக் காட்டித் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அரிசியை இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு வடித்து, கூடத்தில் வேஷ்டியை விரித்து நிழலிலே உலர்த்தினோம். முழுக்கக் காய்ந்துவிடக் கூடாது. கையில் அள்ளினால் ஈரம் தட்டவேண்டும். பிடித்தால் பிடிபட வேண்டும். காய்ந்த மாவில் செய்த அதிரசத்தைக் கொண்டு சுவரில் ஆணி அடிக்கலாம் என்று என் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெளியே ஐப்பசி மழை. அரிசி உலரும் மட்டும் சும்மா இருப்பானேன் என்று தபால்காரர் சுக்கு மல்லிக் காப்பி போட்டார். சுக்கு ஒரு பங்கு, மல்லி இரண்டு பங்கு, நாலு மிளகு, எல்லாவற்றையும் இடித்துக் கொதிக்கவைத்து, கருப்பட்டி சேர்த்து வடிகட்டியது. டிகிரிக் காப்பிக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு, காப்பிப் பொடியோ பாலோ இல்லாத காப்பியைக் குடித்த பாவம் எங்களைச் சேர்ந்தது. ஆனால் மழைக்கு அது இதமாக இருந்ததை மறைக்க மாட்டேன். திண்ணைக்கு ஒரு தம்ளர் அனுப்பினோம். காலித் தம்ளர் திரும்பி வந்தது. வார்த்தை ஒன்றும் வரவில்லை.

அரிசியை மிக்ஸியில் அரைத்துச் சலித்த பிறகு, 400 கிராம் வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி, அடுப்பில் ஏற்றினோம். இங்கேதான் புரொபஸர் தம் ஜோல்னாப் பையிலிருந்து ஓர் உஷ்ணமானியை எடுத்தார்.

"தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாகில் நீர் வற்ற வற்றக் கொதிநிலை ஏறும். 112-லிருந்து 116 வரையில் உருட்டுப் பதம். 121-ஐத் தாண்டினால் கெட்டிப் பதம். இதில் கைராசி, வாய்ராசி ஒன்றும் கிடையாது" என்றார்.

"அந்தக் கணக்குச் சர்க்கரைக்கு. வெல்லத்தில் வேறு சரக்கும் கலந்திருக்கிறதே?" என்று நான் கேட்டேன். கேட்டது என் பிசகு. புரொபஸர் கரும்புச் சாற்றிலுள்ள பொருள்களைப் பற்றி ஒரு பிரசங்கத்தை ஆரம்பித்தார். அது முடிந்து கீழே பார்த்தபோது உஷ்ணமானி 125-இல் நின்றது. பாகை ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் போட்டால் 'டண்' என்று சப்தம் கேட்டது.

அதை வீணாக்க மனமில்லாமல், தேங்காயைத் துருவிக் கொட்டிக் கிளறி, கையில் நெய்யைத் தடவிக்கொண்டு உருட்டினோம். கமர்கட்டு! விரல் நுனிகள் கொப்புளித்தாலும் சரக்கு முதல் தரம். புரொபஸர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு அரை மணி நேரம் அவரால் பிரசங்கம் செய்ய முடியவில்லை.

விளையாட்டு அத்துடன் முடிந்தது. மாவு ஒரு தடவைக்குத்தான் இருந்தது. அதுவும் ஈரம் போய்க்கொண்டிருந்தது. மீதி வெல்லத்தை ஏற்றினோம். முன்பு பட்ட பயத்தில், பாகு நுரைத்து எழும்பியதுமே தபால்காரர் இறக்கிவிட்டார். நான் மாவுத் தட்டைக் கையில் எடுத்தேன்.

"கொட்டாதே!"

நிமிர்ந்து பார்த்தோம். ஸ்நேகிதர் வாசற்படியில் நின்றார். யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து, மேல் தட்டில் கவிழ்த்திருந்த பித்தளைக் கிண்ணம் ஒன்றை எடுத்துத் தண்ணீர் பிடித்தார். கரண்டியால் ஒரு சொட்டுப் பாகை அதில் விட்டு, விரலால் கூட்டிப் பார்த்தார். அது கரைந்து ஓடிற்று.

"இப்படியே மாவைக் கொட்டினால் எண்ணெயிலே பிரிந்து போகும். இன்னும் கொதிக்கவேண்டும். ஏற்று."

ஏற்றினோம். மூன்று தடவை சொட்டு விட்டுப் பார்த்தார். மூன்றாவது தடவை அது தண்ணீருக்குள் உருண்டு, மிருதுவான ஒரு கோலிபோல் விரலில் நின்றது. "இறக்கு" என்றார். புரொபஸர் திருட்டுத்தனமாக உஷ்ணமானியைப் பார்த்தார். 114.

"உமக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நாற்பத்தொரு வருஷம் இந்தக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவள் கிண்டுகிற கையை எடுக்கக் கூடாது. உருட்டிப் பார்க்கிறது என் வேலை" என்றார். அப்புறம், "மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு, கட்டி தட்டும்" என்று என்னை அதட்டினார். அவர் கண்களில் நீர் வழிந்தது. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. எரிந்தது காஸ் அடுப்பு. நாங்கள் மூன்று பேரும் மாவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாவின் மேல் நெய்யைத் தடவித் துணியால் வேடு கட்டி இரண்டு நாள் வைத்தோம். வெல்லத்தை மாவு நன்றாக இழுத்துக்கொள்ள அவ்வளவு அவகாசம் வேண்டுமாம். தீபாவளிக்கு முதல் நாள் வாழையிலையில் தட்டி, நிதானமான சூட்டில் பொரித்து, இரண்டு கரண்டிகளுக்கு நடுவே அழுத்தி எண்ணெயைப் பிழிந்தோம். ஒன்றுகூடப் பிரியவில்லை. மொத்தம் 26. தபால்காரர் பழக்க தோஷத்தால் 21 எண்ணித் தனியே வைத்துவிட்டு, திடீரென்று நினைவு வந்தவராய் விழித்தார். ஸ்நேகிதர் அந்த 21-இலிருந்தே ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"ஏலக்காய் போதாது" என்றார்.

மிச்சத்தை மூன்று தூக்குகளில் போட்டு எங்களிடம் கொடுத்தபோது, "பாத்திரங்களை ஞாபகமாகத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் வீடுகளிலிருந்து பழைய பாக்கியே இன்னும் வந்து சேரவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்" என்றார்.

வீட்டுக்கு வந்து பரணைத் துழாவினேன். பின்பக்கத்தில் ஒரு தூக்கு அகப்பட்டது. மூடியில் அந்த அம்மாளின் பெயர் வெட்டியிருந்தது. புளி போட்டுத் தேய்த்து, தீபாவளியன்று விடிந்ததும் எடுத்துக்கொண்டு போனேன். ஸ்நேகிதர் உள்ளேயிருந்தே, "கதவு திறந்துதான் இருக்கிறது, வா. பால் பொங்குகிறது, நான் நகர முடியாது" என்று குரல் கொடுத்தார்.