ஆன் ஆர்பரின் சனிக்கிழமைகள்

ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் மைதானத்தை வெளியே நின்று பார்த்து அதன் அளவை ஒரு காலத்தில் யாராலும் ஊகிக்க முடியாதிருந்தது. நான் அங்கே படிக்கப் போன காலத்தில், 2010இன் புதுப்பிப்புக்கு முன், மெயின் தெருவில் நடந்தால் தாழ்ந்த சுவரும் வேலியும்தான் கண்ணில் படும். வாசலைத் தாண்டிச் சில அடிகள் வைத்ததும் காலடியில் நிலம் இறங்கத் தொடங்கும். வரிசை வரிசையாகப் பலகைகள் கீழே கீழே போய், அடியில் பச்சையாக ஆடுகளம். மைதானத்தின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. அப்போது 1,07,501 பேருக்கு அங்கே இடம். ஊரின் மக்கள்தொகையே அன்றைக்கு அதைவிடச் சில ஆயிரங்கள்தான் கூடுதல்.

அமெரிக்க ஃபுட்பாலில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். நூறு கெஜக் களத்தில் பத்துப் பத்து கெஜமாக முன்னேற வேண்டும். பத்து கெஜத்துக்கு நான்கு முயற்சிகள். எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளிகள். இந்த அளவு தெரிந்தால் போதும், மீதியைப் பக்கத்தில் நிற்பவர் கற்றுக்கொடுத்துவிடுவார். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர். ஹூவர் அவென்யூவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மரவீட்டின் மாடியில் நானும் இன்னும் இரண்டு தமிழ் மாணவர்களும் குடியிருந்தோம். அவர் கீழே இருந்தார், பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவர். அவருடைய தகப்பனார் எடுத்த பருவச்சீட்டு அவர் கைக்கு வந்திருந்தது. பக்கத்து இருக்கைக்காரர்களும் அப்படியே வந்தவர்கள். ஆட்டம் இல்லாத மாதங்களில் ஒருவரையொருவர் பார்க்காதவர்கள், செப்டம்பரில் அதே பலகையில் சந்தித்து, போன வருடம் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்களாம்.

அணி சொந்த ஊரில் ஆடுவது பருவத்துக்கு ஏழெட்டு ஆட்டங்கள்தான். அந்தச் சனிக்கிழமைகளில், தேருக்கு ஊர் திரும்பும் சனத்தைப் போல, பழைய மாணவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து சேர்வார்கள். காலை எட்டு மணிக்கே மெயின் தெருவில் அணியின் மஞ்சளும் நீலமும்தான். மைதானத்துக்கு எதிரே கோல்ஃப் திடல் அன்றைக்கு மட்டும் கார் நிறுத்துமிடமாகிவிடும்; பயனியர் உயர்நிலைப் பள்ளியின் வளாகமும் அப்படித்தான். வண்டிகளின் பின்கதவைத் திறந்து, அடுப்பு மூட்டி, மேசை போட்டுச் சாப்பிடுவதை டெயில்கேட் என்பார்கள். எங்கள் வீட்டுக்காரரும் புல்தரையில் காசுக்குக் கார்களை நிறுத்த விடுவார். வருகிறவர்கள் ஆண்டாண்டாக வருகிறவர்கள் என்பதால் காசு கைமாறும்போதே குடும்ப நலமும் விசாரிக்கப்படும்.

நாங்கள் மாடியிலிருந்து ஒரு பாத்திரம் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுவந்து அவர்கள் மேசையில் வைப்போம். எந்த ஊர், என்ன படிப்பு என்று ஒருவரும் முதலில் கேட்டதில்லை. பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டை இந்த வருடமாவது வெல்வோமா என்றுதான் கேட்டார்கள். அந்த 'வெல்வோமா'வில் எங்களையும் சேர்த்திருந்தார்கள். தாயகத்தை விட்டு வந்த முதல் இலையுதிர்காலத்தில் அது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

பிறகு முரசு கேட்கும். ஹூவர் அவென்யூவில் இருக்கும் ரெவெல்லி கூடத்திலிருந்து பல்கலைக்கழகத்தின் பேண்ட் அணிவகுத்து மைதானத்துக்குப் புறப்படும். தெருவே அதன் பின்னால் நடக்கும். அவர்கள் ஒத்திகை பார்த்த திடலுக்கு லூயி எல்பெல் பெயர். 1898இல் சிகாகோவை 12–11 என்று மிச்சிகன் வென்றபோது, அந்த வெற்றிக்கு ஈடான பாட்டு ஒன்று இல்லையே என்று ஏங்கி 'தி விக்டர்ஸ்' பாடலை இயற்றிய மாணவர் அவர். நூறு ஆண்டுகளுக்குமேல் ஒவ்வொரு டச்டவுனுக்கும் ஒலிக்கும் பாட்டு அது. ஒரு மாணவன் ஒரு மாலையின் கிளர்ச்சியில் செய்த காரியம் இத்தனை தலைமுறைத் தொண்டைகளில் வாழ்கிறது.

உள்ளே மாணவர் பகுதியில் யாரும் உட்காருவதில்லை. ஆட்டம் முழுக்கப் பலகைமேல் ஏறி நிற்பதுதான் வழக்கம். சுரங்கவழியிலிருந்து பேண்ட் ஓடி வரும். அதை நடத்திவரும் டிரம் மேஜர் பின்புறமாக வளைந்து வளைந்து தலையால் தரையைத் தொடும்போது ஒரு லட்சம் பேரின் கூச்சல் எழும். அடுத்து நீளமான நீலப் பதாகை களத்தின் நடுவே விரியும். ஆட்டக்காரர்கள் ஓடிவந்து எம்பி அதைத் தொட்டுவிட்டுப் போவார்கள். 1962இலிருந்து நடக்கும் வழக்கம். முக்கியமான முயற்சிகளின்போது எல்லோரும் சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்குவார்கள். ஆட்டத்தின் நடுவே ஒலிபெருக்கி அன்றைய கூட்டத்தின் எண்ணிக்கையைச் சொல்லி, இன்று அமெரிக்காவிலேயே பெரிய ஃபுட்பால் கூட்டத்தில் நீங்களும் ஒருவர் என்று நன்றி கூறும். 1975 நவம்பரிலிருந்து அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை. 2020இல் நோய்த்தொற்று வந்துதான் மைதானத்தைக் காலியாக்கியது.

இந்தக் கூட்டத்தை முன்கூட்டியே கண்டவர் ஃபீல்டிங் யோஸ்ட். 1901இல் பயிற்சியாளராக வந்தார். முதல் பருவத்திலேயே அவருடைய அணி 550 புள்ளிகள் எடுத்தது. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் 1902 புத்தாண்டு நாளில் நடந்த முதல் ரோஸ் பவுல். 49–0 என்று ஆனதும், எட்டு நிமிடம் மிச்சமிருக்கையிலேயே ஸ்டான்ஃபோர்ட் அணி நிறுத்திக்கொள்ளலாம் என்றது. 1927இல் 72,000 பேருக்கு இந்த மைதானத்தைக் கட்டியபோது, ஒரு நாள் ஒரு லட்சத்துக்குமேல் வருவார்கள் என்று சொல்லி அதற்கேற்ற அடித்தளம் போடவைத்தார் யோஸ்ட். வரிப்பணத்தைத் தொடாமல், 500 டாலர் கடன்பத்திரங்களை ரசிகர்களிடம் விற்றுக் கட்டினார். 1956இல் விரிவாக்கியபோது இருக்கைகள் 1,01,001. அந்தக் கடைசி ஒன்று, பயிற்சியாளராகவும் பின்பு விளையாட்டுத் துறைத் தலைவராகவும் இருந்த ஃப்ரிட்ஸ் கிரைஸ்லருக்காக என்பார்கள். அது எந்த இருக்கை என்று யாருக்கும் தெரியாது. மைதானத்தின் கொள்ளளவு இன்றும் ஒன்றில்தான் முடிகிறது.

யோஸ்டை ஊர் கொண்டாடுவதில் எனக்கு முழுச் சம்மதமில்லை, அதற்குக் காரணமும் வீட்டுக்காரர் சொன்ன ஒரு சம்பவம்தான். 1934 அக்டோபர் 20 அன்று ஜார்ஜியா டெக் அணி ஆன் ஆர்பருக்கு வந்தது. கறுப்பர் இருக்கும் அணியோடு ஆடமாட்டோம் என்றார்கள். மிச்சிகனின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான வில்லிஸ் வார்ட் கறுப்பர். அடுத்த ஆண்டு, புகழ்பெற்ற ஜெஸ்ஸி ஓவன்ஸையே ஓட்டத்தில் வென்றவர். வளாகத்தில் மாணவர்கள் கொதித்தார்கள். ஆனாலும் வார்டை ஆடவிடவில்லை. அப்போது விளையாட்டுத் துறைத் தலைவர் யோஸ்ட். வார்டின் நெருங்கிய நண்பர் ஒருவர் அணியில் சென்டராக ஆடினார். விலகிவிடலாமா என்று தவித்தவரை, ஆடு என்று வார்டே சொன்னதாக வரலாறு. அந்த நண்பர் ஜெரால்ட் ஃபோர்ட், பின்னாளின் அமெரிக்க அதிபர். 9–2 என்று வென்ற அந்த ஆட்டம்தான் அந்தப் பருவத்தில் மிச்சிகனின் ஒரே வெற்றி. 1999இல், சேர்க்கையில் சிறுபான்மையினருக்கு இடமளிக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கொள்கையை ஆதரித்து நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில், ஃபோர்ட் வார்டைத்தான் நினைவுகூர்ந்தார். அறுபத்தைந்து ஆண்டுகள் அந்தச் சனிக்கிழமை அவருக்குள் இருந்திருக்கிறது. வார்ட் வழக்கறிஞராகி, நீதிபதியும் ஆனார்.

2006 நவம்பர் எனக்கு நேற்றுப்போல் இருக்கிறது. மிச்சிகன் ஒரு தோல்வியும் இல்லாமல் நாட்டின் தரவரிசையில் இரண்டாமிடம். ஒஹாயோ ஸ்டேட்டும் தோல்வியில்லாமல் முதலிடம். சனிக்கிழமை அவர்கள் ஊரான கொலம்பஸில் இருவரும் மோத வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் போ ஷெம்பெக்லர் இறந்துபோனார்.

வீட்டுக்காரர் போவை அவர் இவர் என்று பேசி நான் கேட்டதில்லை. வீட்டு மூத்தவரைச் சொல்வதுபோல வெறும் 'போ' தான். 1968இல் ஒஹாயோ ஸ்டேட் மிச்சிகனை 50–14 என்று நொறுக்கியிருந்தது. மறு ஆண்டு பயிற்சியாளராக வந்தவர் போ. எதிரணியின் பயிற்சியாளர் வுடி ஹேய்ஸிடமே ஆடிப் பழகி, அவரிடமே உதவியாளராக வேலை பார்த்தவர். அந்த ஐம்பதைத் தன் ஆட்டக்காரர்கள் மறக்கவே விடவில்லை. 22 ஆட்டங்கள் தொடர்ந்து வென்று வந்த ஒஹாயோவை 24–12 என்று வீழ்த்தினார்கள். வீட்டுக்காரர் தகப்பனாரோடு அந்த ஆட்டத்தில் இருந்தவர். "அப்பா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்" என்றார், அந்த வெள்ளிக்கிழமை சமையலறையில் நின்றுகொண்டு.

மறுநாள் 42–39 என்று தோற்றோம். செவ்வாய்க்கிழமை ஆன் ஆர்பரில் எங்கள் மைதானத்தில் போவுக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. வீட்டுக்காரரோடு நானும் போனேன். டிசம்பர் 26இல் ஃபோர்டும் காலமானார். 2007 ஜனவரி 2 அன்று அவருடைய உடலைச் சொந்த ஊரான கிராண்ட் ராபிட்ஸுக்குக் கொண்டுசென்ற விமானம், வழியில் மிச்சிகன் மைதானத்தின் மேலே பறந்து போயிற்று.

அந்த ஆண்டு செப்டம்பர் 1. பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு, ஒரு படி கீழே உள்ள பிரிவிலிருந்து அப்பலாச்சியன் ஸ்டேட் வந்தது. நாங்கள் ஐந்தாமிடம். கடைசி விநாடிகளில் மிச்சிகன் உதைத்த பந்தை அவர்கள் கையால் தடுத்தார்கள். 34–32. ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் பேர் வாயடைத்து நின்றதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. வெளியேறும்போது மஞ்சள் சட்டைக்காரர்கள் பலர் அந்தச் சிறிய அணியின் ரசிகர்களிடம் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். நாடு முழுவதும் அந்தத் தோல்வியைச் சொல்லிச் சிரித்தது.

அடுத்த சனிக்கிழமை ஆரிகன் வந்தது. இந்த வாரம் கார்கள் வராது என்று நாங்கள் மாடியில் பேசிக்கொண்டிருந்தோம். ஒன்பது மணிக்குள் புல்தரை நிரம்பிவிட்டது. அதே குடும்பங்கள், அதே அடுப்புகள். ஒரு பாட்டி இரண்டு பேரப்பிள்ளைகளைப் புதிதாகக் கூட்டிவந்திருந்தார். பேண்ட் எந்தப் பக்கமிருந்து வரும் என்று காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆரிகன் எங்களை 39–7 என்று துவைத்தது. அன்றும் ஒரு லட்சத்துக்குமேல் கூட்டம்.

2024 ஜனவரியில் ஹூஸ்டனில் வாஷிங்டனை 34–13 என்று வென்று மிச்சிகன் தேசியப் பட்டம் எடுத்தது. 1997க்குப் பிறகு முதல் பட்டம். இந்தியாவில் அப்போது காலை நேரம், வீட்டில் எல்லோரையும் எழுப்பிவைத்துக்கொண்டு பார்த்தேன். ஆன் ஆர்பரில் எந்தச் சனிக்கிழமைக்குத் திரும்பிப் போக விருப்பம் என்று மகள் கேட்டாள். ஆரிகனிடம் தோற்ற சனிக்கிழமைக்கு என்றேன்.