வண்ணம் பேசட்டும், வாயில் திறக்கட்டும்!

“படம் போட்டால் பசி தீருமா? பரீட்சையில் மதிப்பெண் வருமா?” என்று கேட்கின்றனர். கேட்பவர் மீது நமக்குச் சினமில்லை. நாளெல்லாம் உழைத்துச் சேர்த்த காசில் பிள்ளைக்கு நோட்டு வாங்கித் தருகிற ஏழை, அந்த நோட்டில் கணக்குக்குப் பதிலாகக் காக்கை பறப்பதைக் கண்டால் கேட்கத்தான் செய்வார். கேள்வி கேட்பது குற்றமுமன்று. விடை கூறும் கடமை, ஆசிரியப் பணியேற்ற நமக்கு உண்டு.

வயிற்றுப் பசிக்குத் தமிழகம் விடை கண்டது. 1956-இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவு, 2022-இல் தொடங்கிய காலை உணவு எனப் படிப்படியாய்க் கண்ட விடை அது. ஆனால் இன்னொரு பசி இருக்கிறது. அது மதிப்புக்கான பசி. ‘நானும் மனிதன், என் உழைப்பும் உயர்ந்தது’ என்று நெஞ்சம் நிமிரத் துடிக்கும் பசி. படம் அந்தப் பசிக்கு உணவாகும் என்பதை மஞ்சக்குப்பத்தில் ஒரு மாலைப்பொழுதில் கண்டோம்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் அகன்ற மைதானமும் கொண்ட பகுதி மஞ்சக்குப்பம். நாம் பணியாற்றும் தொடக்கப்பள்ளிக்கு வருவோர், மூட்டை தூக்குவோர், வீட்டு வேலை செய்வோர், வீதி கூட்டுவோர், கடலில் வலை வீசுவோர் ஆகியோரின் செல்வங்கள். அந்தப் பெற்றோர் பள்ளிக்கு வருவது எப்போது? சேர்க்கைக்கு ஒருமுறை, மாற்றுச் சான்றிதழுக்கு ஒருமுறை, பிள்ளை குறும்பு செய்தால் ஒருமுறை! வந்தாலும் வாயிலுக்கு வெளியே நிற்பர். “உள்ளே வாருங்கள்” என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்பர். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக, பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்கிறது. சட்டம் நாற்காலி தந்தது. தயக்கமோ அதில் அமரவிடவில்லை!

அந்தத் தயக்கம் ஒரே நாளில் விளைந்ததா? 1953-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். கிராமத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரப் படிப்புப் போதும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று இராசாசி ஆட்சி திட்டம் தீட்டியது. ‘குலக்கல்வி’ என்று பெயர் சூட்டி எதிர்த்து நின்றனர் நம் முன்னோர். 1954-இல் காமராசர் முதல்வரானார், திட்டம் வீழ்ந்தது. அவர்கள் கைவேலை இழிவென்றா எதிர்த்தனர்? அன்று! இன்னார் மகனுக்கு இன்ன வேலை எனப் பிறப்பிலேயே எழுதி வைத்ததைத்தான் எதிர்த்தனர். வண்ணக் கட்டியை எல்லாப் பிள்ளைகளின் கையிலும் கொடுத்து, விரும்பியதைத் தீட்டு என்று கூறுவது, குலக்கல்விக்கு நேர் எதிரான கல்வியன்றோ!

எனவே கண்காட்சி நடத்தத் துணிந்தோம். அழைப்பிதழைப் பிள்ளைகளே எழுதினர். எழுத்தறியாத வீட்டில் அவர்களே படித்தும் காட்டினர். பகலில் வந்தால் கூலி போகும் என்பதால் மாலை ஆறு மணிக்கு வைத்தோம். தலைமை விருந்தினர் இல்லை, பொன்னாடை இல்லை. பெற்றோரே விருந்தினர்! கயிறு கட்டிக் கிளிப்பு மாட்டி, பிள்ளைக்கு ஒரு படமாக எல்லாப் படங்களையும் ஒரே உயரத்தில் தொங்கவிட்டோம். அந்த உயரம் பிள்ளைகளின் கண் உயரம். பெரியவர்கள் குனிந்துதான் பார்க்கவேண்டும்! முதற்பரிசு, இரண்டாம் பரிசு எதுவுமில்லை.

ஒரு சிறுமி வீதியை வரைந்திருந்தாள். வீதியின் நடுவே ஒரு பெண். அவள் கையில் ஆட்சியர் அலுவலகத்தைவிடப் பெரிய துடைப்பம். தூய்மைப் பணிசெய்யும் தாய் பார்த்தாள், முகம் சிவந்தாள், நம்மிடம் வந்து தாழ்ந்த குரலில், “டீச்சர், இதை மட்டும் கழட்டிடுங்க. நாலு பேர் பாக்குறாங்க” என்றாள். மகளோ, “ஏம்மா? நீதான் இது. நல்லா இல்லையா?” என்று கேட்டாள்.

மகளுக்கு இல்லாத வெட்கம் தாய்க்கு எங்கிருந்து வந்தது? ஊரைத் துப்புரவாக்கும் கை வெட்கப்படவேண்டும் என்று கற்பித்தவர் யார்? குப்பையைக் கொட்டியவன் வெட்கப்படவில்லை; கூட்டியவள் வெட்கப்படுகிறாள்! பிள்ளைகள் கண்ணளவில் வரைவதில்லை, கருத்தளவில் வரைகின்றனர்; பெரிதென்று உணர்வதைப் பெரிதாகத் தீட்டுகின்றனர். வியன்னா நகரில் 1897-இல் சிறுவர் ஓவிய வகுப்பைத் தொடங்கிய ஃபிரான்ஸ் சிசெக், பிள்ளைகளின் படத்தைத் திருத்தவேண்டிய பிழையாகக் கருதாமல், தனிக் கலையாகவே மதித்தார். சென்னைக் கடற்கரையில் 1959-இல் எழுந்த உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். அரசரையா வடித்தார் தேவி பிரசாத் ராய் சௌத்ரி? பாறையை நெம்பும் தொழிலாளரையன்றோ வடித்தார்! அந்தப் பெருங்கலைஞர் வெண்கலத்தில் சொன்னதை, இந்தச் சிறுமி மெழுகு வண்ணத்தில் சொன்னாள். இதைத்தான் அந்தத் தாயிடம் எளிய சொற்களில் எடுத்துரைத்தோம். படம் இறங்கவில்லை. சற்று நேரத்தில் அவளே வெளியே சென்று, உடன் வேலை செய்யும் இருவரை அழைத்து வந்து காட்டினாள். அவர்கள் வாயிலில் நிற்கவில்லை, நேராக உள்ளே வந்தனர்!

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடைபெறுகிறது. மாநில அளவுவரை ஏழைப் பிள்ளை ஏறிச் செல்ல வழி செய்கிறது, வரவேற்கிறோம். எனினும் போட்டி சிலரைத் தேர்ந்தெடுக்கும். கண்காட்சியோ எல்லோரையும் ஏற்றுக்கொள்ளும். பிஞ்சு வயதில் இரண்டாவதே முதல் தேவை. இதே மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் ஜெயகாந்தன். திராவிட இயக்கத்தைக் கடுமையாகச் சாடியவர்தான். ஆயினும் 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவரைத் தேடி வந்ததே! மதிப்பெண் அளக்காத ஆற்றல் உண்டென்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தோழர்களே! 2012-இல் பல்லாயிரம் பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டபோதும், ஓவியம் ஆறாம் வகுப்புக்கு மேல்தான் என்றாயிற்று. தொடக்கப்பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் வேண்டும் என்று கேளுங்கள். அதுவரை காத்திராமல், உங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கொஞ்சம் தாளும் வண்ணமும் கயிறும் கொண்டு செல்லுங்கள். பிள்ளைகள் தீட்டுவார்கள், பெற்றோர் வருவார்கள். தன் வாழ்வு பள்ளிச் சுவரில் மதிப்போடு இடம்பெறக் கண்டவர், மறுநாள் மேலாண்மைக் குழுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்வார். கணக்குக் கேட்பார், கருத்துச் சொல்வார். அன்றுதான் அது மக்கள் பள்ளி!